கலங்கல் காக்கும் கரை: எங்கள் ஊர் ஏரியில் வெள்ளக் காலத்தில் கற்றவை

செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில், அடையாற்றின் தலைப்புறத்தில், ஒன்றன் உபரி நீர் அடுத்ததற்குப் போய்ச் சேரும்படி அமைந்த தொடர் ஏரிகளுள் எங்கள் ஊர் ஏரியும் ஒன்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் வடிநீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. ஆகவே இங்கே உள்ள ஒவ்வொரு மண்கரையும் தன் ஊருக்கு மட்டுமன்றி, முடிச்சூர், வரதராஜபுரம், தாம்பரம் என்று கீழே போகப் போக நெருங்கும் குடியிருப்புகளுக்கும் ஒரு சிற்றணையாகவே நிற்கிறது. 12 அடி உயரக் கரை, 150 ஏக்கர் நீர்ப்பரப்பு, ஏறத்தாழ 3 கோடி கன அடி கொள்ளளவு, நிரம்பிய நீர் தானே வழிந்தோடும் 100 அடி நீளக் கலங்கல், திறந்து மூடி நீர் விடும் இரண்டு மதகுகள் ஆகியவை எங்கள் ஏரியின் உறுப்புகள். பாசன சங்கத்தில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்தக் கரைமேல் நின்றவர்களுள் ஒருவன் என்ற முறையிலும், இத்தகைய கரை உள்ள எந்த ஊருக்கும் பயன்படும் என்று நான் கருதுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கரை எதற்காக இருக்கிறது என்பதில் ஊருக்குள் தெளிவு வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது: சம்பா, நவரை ஆகிய நெற்பட்டங்களுக்குத் தண்ணீர். இன்று ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசன நிலத்தில், பாதிக்கு மேல் மனைகளாகிவிட்டது. எஞ்சிய நிலத்திலும் பலர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே பயிர் செய்கிறார்கள். அதே நேரம், கரைக்குக் கீழே ஒரு காலத்தில் நெல் நின்ற தாழ்வான நிலத்தில் இப்போது நான்கு தெருக்கள் இருக்கின்றன. ஆகவே ஏரியின் வேலை மாறியிருக்கிறது. அது இப்போது முதன்மையாக வெள்ளத்தை வாங்கி, தாமதப்படுத்தி, ஒரு கட்டுக்குள் கீழே அனுப்பும் இடம். நிலத்தடி நீருக்கு ஊட்டம் தருவது அடுத்தது. பாசனம் அதற்கும் அடுத்தது. இதை ஆயக்கட்டுதாரர்களிடம் சொல்வது எளிதாக இருக்கவில்லை. எனக்கும் அந்த ஆயக்கட்டில் நிலம் உண்டு. ஆனால் கரையின் இன்றைய நோக்கம் என்ன என்பதை ஊர் ஒப்புக்கொள்ளாதவரை, அதன் பாதுகாப்பைப் பற்றிய எந்த முடிவையும் எடுக்க முடியாது என்பதை நாங்கள் நேரில் கண்டோம்.

ஏரி வெள்ளத்தை எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பல வீண் நம்பிக்கைகள் விலகும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 கன மீட்டர், அதாவது சுமார் மூன்றரை லட்சம் கன அடி நீர். எங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அந்த அளவு எங்கள் நீர்ப்பிடிப்பில் விழுந்தால் எட்டரைக் கோடி கன அடிக்கு மேல் வரும். மண் குடித்தது போக முக்கால் பங்கு ஓடி வந்தாலும், வெறும் ஏரியாக இருந்திருந்தால்கூட இரண்டு முறை நிரம்பி வழிந்திருக்கும். அந்த ஆண்டு நவம்பர் நடுவிலேயே ஏரிகள் நிறைந்துவிட்டன என்பதால், வந்த நீர் முழுவதும் கலங்கல் வழியாகத்தான் போயாக வேண்டியிருந்தது.

அப்படியானால் நிறைந்த ஏரியால் வெள்ளத்துக்கு எந்தப் பயனும் இல்லையா என்று ஊர்க் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்டு. 150 ஏக்கர் பரப்பில் கலங்கலுக்கு மேல் ஒரு அடி நீர் ஏறும்போது ஏரி 65 லட்சம் கன அடியைக் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. மழை விட்ட பிறகு அதை மெல்ல மெல்ல விடுகிறது. திடீரென்று பாய வேண்டிய நீரைப் பல மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுப்பதுதான் அது கீழே உள்ளவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி. அந்த உதவி நடக்க வேண்டுமானால் கரை முழுதாக நிற்க வேண்டும்; கலங்கல் தடையின்றி ஓட வேண்டும். கரை உடைந்துவிட்டாலோ, பிடித்து வைத்த மூன்று கோடி கன அடியும் மழை வெள்ளத்தோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கும். ஏரியே இல்லாத ஊருக்கு வரும் வெள்ளத்தைவிட அது கொடியது. கீழேயுள்ள ஏரியின் கரை அதைத் தாங்காமல் உடையும். பிறகு அதற்கும் கீழே உள்ளது. தொடர் ஏரிகளில் ஒரு கரையின் பாதுகாப்பு என்பது அந்தத் தொடர் முழுவதின் பாதுகாப்பு.

நான் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானது கலங்கலைப் பற்றியது. ஏரியின் பாதுகாப்பு என்றவுடன் எல்லாருடைய கண்ணும் கரையின் உயரத்துக்கே போகிறது. ‘கரையை இரண்டடி உயர்த்துங்கள்’ என்பதே எல்லா மனுக்களிலும் முதல் கோரிக்கையாக இருக்கும். உண்மையில் கரையைக் காப்பது கலங்கல். 100 அடி நீளமுள்ள கலங்கலில் ஓரடி உயரத்துக்கு நீர் வழிந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 300 கன அடி போகும்; இரண்டடி உயரத்துக்கு வழிந்தால் அது இரு மடங்காக அன்று, 870 கன அடி அளவுக்குப் பெருகும். நீர்மட்டம் ஏற ஏற வெளியேறும் அளவும் பன்மடங்காகக் கூடி, ஓரிடத்தில் வரத்துக்கும் போக்குக்கும் சமன் ஏற்பட்டு, மட்டம் நின்றுவிடும். அந்த இடம் கரையின் விளிம்புக்குப் போதிய அளவு கீழே இருக்கும்படிதான் முன்னோர் கட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சமனைக் கெடுப்பது கலங்கல்மேல் அடுக்கப்படும் மணல் மூட்டை. இன்னும் ஓரடி தண்ணீர் நின்றால் நவரைக்கு ஆகும் என்ற ஆசையில் இதைச் செய்யாத ஊர் எங்கள் பக்கத்தில் குறைவு. பழைய கலங்கல்களின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் இடைவெளியில் வைக்கோலும் களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்து நீரைத் தேக்கும் வழக்கம் முன்பே இருந்ததுதான். ஆனால் பெருமழைக் காலம் தாண்டி, கார்த்திகை தீபம் கழிந்து, இனிப் பெரிய வெள்ளம் வராது என்று பெரியவர்கள் கணித்த பிறகே அடைப்பார்கள். அடைப்பும் பெரும் நீர் வந்தால் தானே கரைந்து போகும் மண் அடைப்பு. இப்போது ஐப்பசியிலேயே சிமெண்ட் பைகளில் மணலை நிரப்பி அடுக்குகிறார்கள். அது கரைவதில்லை.

2015 நவம்பரில் எங்கள் கலங்கலிலும் அப்படி ஓரடி உயரத்துக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். நவம்பர் நடுவில் வந்த மழையில் நீர் அவற்றின் மேலேயே வழிந்து ஓடியதைப் பார்த்த பிறகு, அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று சங்கத்தில் சிலர் வலியுறுத்தினோம். சொல் கடுமையாகவே பரிமாறப்பட்டது. எங்கள் பக்க வாதத்துக்குத் துணை நின்றது ஓர் அளவுக் குழாய்தான்: ஒளி ஊடுருவும் நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது போலவே கலங்கலின் மட்டத்திலிருந்து கரை நெடுகிலும் பார்த்துக்கொண்டே போனோம். ஆவணத்தில் கரை கலங்கலைவிட ஐந்தடி உயரம். ஆனால் டிராக்டரும் மாடும் ஏறி இறங்கும் ஒரு தடத்தில் அது மூன்றரை அடியாகத் தேய்ந்திருந்தது. இரண்டடி உயரத்துக்கு வழியும் வெள்ளம் வந்து, மூட்டைகளால் ஓரடி கூடி, அதன்மேல் காற்றடித்து அரை அடி அலை எழுந்தால், அந்தத் தடத்தின் வழியாக நீர் கரையைத் தாண்டும். மண்கரைமேல் நீர் தாண்டத் தொடங்கினால் வெளிச்சரிவை அரித்து, சில மணி நேரத்திலேயே உடைப்பாக்கிவிடும். கரையின் சராசரி உயரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. உடைப்பு எடுப்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தில்தான். இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு எதிர்த்தவர்களே இறங்கி மூட்டைகளை எடுத்தார்கள். எடுத்த மூட்டைகளால் அந்தத் தடத்தை உயர்த்தி அடைத்தோம்.

டிசம்பர் 1 இரவு நீர் கலங்கலுக்கு மேல் இரண்டடியைத் தொட்டு நின்றது. மூட்டைகள் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த இரவில் பலர் ‘மதகைத் திறங்கள், மதகைத் திறங்கள்’ என்று பதறினார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பது, புரிந்துகொள்ள வேண்டியதும்கூட. ஒரு சிறு மதகு முழுதாகத் திறந்தாலும் வினாடிக்குப் பத்து கன அடி அளவே விடும். கலங்கல் 870 விடும் நேரத்தில் மதகுகளின் இருபது எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது. ஆனால் அந்த நீர் வாய்க்கால் வழியே நேராகத் தாழ்வான தெருக்களுக்குப் போகும். அதோடு, அழுத்தம் மிகுந்த நேரத்தில் பழைய மதகின் சட்டத்தை அசைப்பதே ஆபத்து. மதகின் பயன் மழைக்கு முன்னால். இரண்டு மதகுகளும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 17 லட்சம் கன அடியை இறக்கும். ஏரியை இரண்டடி குறைக்க ஒரு வாரம் ஆகும். ஆகவே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் என்ற அறிவிப்பு வரும் நாளில் திறந்தால்தான் உண்டு. வானம் கொட்டத் தொடங்கிய பின் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கரைக்கு வரும் இரண்டாவது பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து வருவது. டிசம்பர் 2 காலை மழை சற்றுத் தணிந்திருந்தபோது, இரண்டாம் மதகின் பக்கச் சுவரிலிருந்து சில அடி தள்ளி, கரையின் வெளிப்புற அடியில், கைப்பிடி அளவு இடத்தில் நீர் கொப்பளித்துக்கொண்டிருந்ததை ஓர் இளைஞர் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தபோது ஊற்றைச் சுற்றி நுண்மணல் வட்டமாக எறும்புப் புற்றின் வடிவில் குவிந்திருந்தது. வரும் நீர் அரிசி கழுவிய கழுநீர் போல வெளிறிக் கலங்கியிருந்தது. உள்ளே மண் அரிபட்டு, அந்த மண்ணையும் நீர் தூக்கிக்கொண்டு வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கூடியிருந்தவர்களில் சிலர் மணல் மூட்டைகளை நேராக அந்த ஊற்றின்மேல் போட்டு அடைக்கத் தூக்கிவிட்டார்கள். முன்பு எங்கள் ஏரியின் மதகைத் திறந்து நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர், எண்பதை நெருங்கியவர், குடையை எறிந்துவிட்டு ஓடி வந்து தடுத்தார்.

“அத்த அடைக்காத தம்பி. இங்க அடைச்சா வேற பக்கம் பொத்துக்கும். சுத்திக் கட்டு, தண்ணி ஏறட்டும்.”

அவர் சொன்னபடியே செய்தோம். ஊற்றின் வாயில் முதலில் ஆற்று மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் சற்றுப் பெரிய ஜல்லி என்று பரப்பினோம். நீர் வெளியே வரும், மண் வராது. அதைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கினோம். வளையத்துக்குள் நீர் தேங்கி ஏறத் தொடங்கியது. உள்ளே நிற்கும் நீரின் எடை எதிர் அழுத்தமாகி, ஊற்றின் வேகத்தைக் குறைத்தது. மூட்டை வளையம் இரண்டரை அடி உயர்ந்தபோது, ஒரு பக்கமாக விட்ட வாயின் வழியே வழிந்த நீர் தெளிந்து வந்தது. பெரியவர் அதை உள்ளங்கையில் ஏந்தி ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெளிந்து வரும் கசிவை வைத்துக்கொண்டு கரை பல நாள் நிற்கும். கலங்கி வரும் கசிவு நாழிகைக் கணக்கில் கரையைத் தின்றுவிடும். இந்த ஒன்றை ஏரிக்கரை உள்ள ஊரில் பள்ளிப் பிள்ளைகள் முதல் அனைவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பேன்.

பிறகு ஏரியின் உட்புறத்தில் நீர் உள்வாங்கும் இடத்தைத் தேடினோம். மதகுச் சுவரை ஒட்டி, மேற்பரப்பில் மிதந்த சருகுகள் ஓரிடத்தில் சுழன்று சுழன்று நின்றன. அங்கே சவுக்குக் கழிகளை அரை வட்டமாக அடித்து, களிமண் நிரப்பிய கோணிகளையும் வைக்கோல் பிரிகளையும் இறக்கினோம். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் நீரில் இறங்கவிடவில்லை. மதகு வாய் அருகே நீரின் இழுப்பு எப்படிப்பட்டது என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியாது.

நீர் வடிந்த பின் தோண்டிப் பார்த்ததில் காரணம் விளங்கியது. மதகின் கல்கட்டும் கரையின் மண்ணும் சேரும் இடத்தில், முன்னர் பட்டுப்போன வேலமரம் ஒன்றன் வேர் உளுத்து, விரல் பருமனில் ஒரு துளை ஓடியிருந்தது. அதனோடு நண்டு வளை ஒன்றும் சேர்ந்திருந்தது. கல்லும் மண்ணும் சேரும் இடங்களே கரையின் நலிந்த இடங்கள். கரைமேல் தானாக முளைக்கும் சீமைக் கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும்; பெரிதான பின் வெறுமனே அடியோடு வெட்டிவிட்டுப் போனால் வேர் உள்ளே உளுத்து நீருக்கு வழியாகும். வேரையும் தோண்டியெடுத்து, குழியை மண்ணிட்டு இடித்து இறுக்க வேண்டும். அருகம்புல்லும் வெட்டிவேரும் சரிவுக்கு நல்லவை.

கரை உடைவது மழைக்காலத்தில் மட்டும்தான் என்று எண்ணியிருப்பவர்களுக்காக ஒரு நிகழ்வையும், கசிவைப் பெரிதாக எண்ணாதவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இலங்கையின் கந்தளாய்க் குளக்கரை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அது பெருமழைக் காலம் அன்று. 2019 ஜூலை 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிற்றணை உடைந்து கீழிருந்த வீடுகளை அடித்துச் சென்றது. அங்கே கசிவு இருப்பதாக ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். கசிவைக் கண்டவுடன் எழுதிக் கொடுப்பதோடு, யார், எந்த நாளில், எந்த இடத்தில் பார்த்தார் என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்து, வாரந்தோறும் அதே இடத்தைப் பார்த்து, நீர் கூடுகிறதா, கலங்குகிறதா என்று சேர்த்து எழுத வேண்டும். எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இப்போது உண்டு. நாங்கள் கொடுத்த முதல் மனு ஓர் அலுவலகத்தில் நெடுநாள் அசையாமல் கிடந்தது. நிழற்படங்களோடும் அந்தப் பதிவுகளோடும் மறுபடி கொடுத்தபோதுதான் பொறியாளர் ஒருவர் கரைக்கு வந்தார்.

சட்டத்தின் துணை எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுள் நீளம், கொள்ளளவு முதலிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. 12 அடிக் கரை அதற்குள் வராது. தமிழ்நாட்டில் உள்ள ஏறத்தாழ 40,000 ஏரி, கண்மாய்களில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. கட்டாய ஆய்வு, அவசரகாலத் திட்டம் என்று பேரணைகளுக்கு உள்ள ஏற்பாடுகள் எவையும் தானாக நம்மைத் தேடி வரப்போவதில்லை என்பதால், அவற்றின் சிறிய வடிவத்தை ஊரே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஏற்பாடு எளியது. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, சங்கத்தாரும் ஊராட்சியாரும் கரையின் மேலும் வெளியடியிலும் ஒருமுறை முழுதாக நடந்து பார்க்கிறோம். மேலே மட்டும் நடந்தால் எதுவும் தெரியாது. புதர் மண்டிய வெளியடியில்தான் வளைகளும் ஈரமும் இருக்கும். மதகுத் தூணில் அடிக்கணக்கைப் பெயிண்டால் எழுதி, கலங்கல் மட்டத்தில் நீலக் கோடும் அதற்கு மேல் ஒன்றரை அடியில் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறோம். நீலக் கோட்டைத் தொட்டால் இரவுக் காவல் தொடங்கும். சிவப்பைத் தொட்டால் கீழ்த்தெருக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். யார் சொல்வது, எப்போது சொல்வது என்று அந்த நேரத்தில் விவாதித்துக்கொண்டிருக்க இயலாது என்பதால் முடிவைக் கோட்டிடமே விட்டுவிட்டோம். காலி கோணிகள், மணல், இரண்டு அளவு ஜல்லி, சவுக்குக் கழி, கயிறு, டார்ச் விளக்குகள் எல்லாம் கலங்கலுக்கு அருகே மேட்டில் உள்ள ஓர் அறையில் இருக்கும். கரையின் மறுமுனையில் வைத்தால், வெள்ளத்தில் கலங்கலைக் கடந்து போக முடியாமல் போகும்.

செய்திப் பரிமாற்றத்துக்குக் கைப்பேசியை மட்டும் நம்பவில்லை. 2015இல் மின்சாரம் போய், கோபுரங்கள் செயலிழந்து, எந்தப் பேசியும் வேலை செய்யவில்லை. மேலே உள்ள ஏரியின் ஊரிலிருந்து ஒருவர் மேட்டுப்பாதை வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து சொல்வதும், கோயில் ஒலிபெருக்கியை பேட்டரியில் இயக்குவதும், அதுவும் இல்லையென்றால் பறை அடிப்பதும் என்று முறை வைத்திருக்கிறோம். எங்கள் செய்தியைக் கீழ் ஊருக்கும் அப்படியே கொண்டுபோக இருவர் உண்டு. இரவுக் காவலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த மழை இரவில், ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பிளேஸ் கரையைப் பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டார் என்ற ஐதீகத்தின் பேரில்தான் அங்குள்ள பெருமாள் ஏரி காத்த ராமர் ஆனார். பக்தியோடு கேட்டு வளர்ந்த அந்தக் கதையிலும், வெள்ள இரவில் கரைமேல் ஒருவருக்கு இருவராய் விழித்து நடக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவு இருப்பதாக எனக்குப் படுகிறது. தனியாக யாரையும் நாங்கள் காவலுக்கு அனுப்புவதில்லை.

பழுதுபார்ப்பைப் பற்றியும் சில. 2017இல், ஊராரின் பங்கேற்போடு ஏரிகளைச் செப்பனிடும் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியபோது எங்கள் கரைக்கும் மண் வேலை வந்தது. லாரியில் மண்ணைக் கொண்டுவந்து கரைமேல் கொட்டி, இயந்திரத்தின் வாளியால் தடவிவிட்டால் பார்வைக்குக் கரை உயர்ந்துவிடும். முதல் மழையில் அது கரைந்து வழியும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, புது மண் அதில் பிடித்துக்கொள்ளும்படி செய்து, 9 அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, ஈரமிட்டு, உருளையால் அழுத்திய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அந்த வேலையைக் கோடையில் முடிக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கும் கரை வேலை அந்த ஆண்டின் ஆபத்தை அதிகப்படுத்தவே செய்யும். மண் எடுக்கும் இடமும் முக்கியம். ஏரிக்குள்ளேயே கரையை ஒட்டிப் பள்ளம் தோண்டி எடுப்பது கரையின் காலை வெட்டுவதற்கு ஒப்பு. வண்டல் எடுக்க வருபவர்களுக்கும் கரையிலிருந்து நெடுந்தொலைவு தள்ளி எல்லைக் கல் நட்டுவிட்டோம். சரிவில்லாமல் செங்குத்தாக வெட்டிய பள்ளங்கள் நீர் நிறைந்த பின் கண்ணுக்குத் தெரியாது. குளிக்க இறங்கும் பிள்ளைகள் அவற்றில்தான் மூழ்குகிறார்கள். கலங்கல் வழியும்போது அதன் பாசி படிந்த தளத்தில் நின்று விளையாடுவதையும் படம் எடுப்பதையும் காவலர்கள் தடுத்தே தீர வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் எங்களுக்கு இன்னும் தீராத ஒன்று கலங்கலுக்குக் கீழே இருக்கிறது. 2015இல் கரை நின்றது. ஆயினும் கீழ்த்தெருக்களில் மார்பளவு நீர் வந்தது. வருவாய்ப் பதிவேட்டில் 40 அடி அகலமுள்ள போக்குக் கால்வாய், மனைப்பிரிவு ஒன்றைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு குழாய்ப் பாலமாகக் குறுகியிருக்கிறது. கலங்கல் 870 கன அடியை விட, அந்தக் குழாய்கள் அதில் ஒரு சிறு பகுதியையே வாங்க, மிச்சம் தெருவழியே போனது. வீடு இழந்தவர்களும் வீடு கட்டி விற்றவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதால் இந்தச் சிக்கல் ஊர்க் கூட்டத்தில் தீர்வதில்லை. நில அளவர் வந்து கல் போட்டிருக்கிறார், பாலத்தை அகலப்படுத்த மதிப்பீடு தயாராகியிருக்கிறது, வேலை தொடங்கவில்லை.

அது நடக்கும்வரை ஒரு தற்காலிக ஒப்பந்தத்துக்கு ஆயக்கட்டுதாரர்களும் கீழ்த்தெருவாரும் வந்திருக்கிறார்கள். கார்த்திகை தீபம்வரை ஏரியைக் கலங்கல் மட்டத்துக்கு இரண்டடி குறைவாகவே வைத்திருப்பது. அந்த இரண்டடியில் ஒரு கோடி கன அடிக்கு மேல் முதல் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இடம் கிடைக்கும். தீபத்துக்குப் பின் மதகுகளை மூடி, பிந்திய மழையால் ஏரியை நிரப்ப முயல்வது. அந்த ஆண்டு நிரம்பாமல் போனால், நவரை பயிரிடுபவர்களுக்கு ஊராட்சிக் கிணற்றிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் தருவது. முதல் ஆண்டில் மழை பிந்தாமல் நின்றுவிட்டது; ஏரி நிரம்பவில்லை; கிணற்று நீர் முறை எல்லாருக்கும் போதவில்லை என்று குறை எழுந்தது. அதற்காக இரண்டடியை ஓரடியாகக் குறைக்கலாமா என்ற பேச்சு வரும் புரட்டாசிக் கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. குழாய்ப் பாலம் அகலமாகும்வரை இரண்டடியைக் குறைக்கக் கூடாது என்றே அந்தக் கூட்டத்தில் நான் பேசவிருக்கிறேன்.